டைட்டானியத்துக்குப் பதிலாக பிளாஸ்டிக் திருகு வைத்தால் என்ன? பல் இம்பிளான்ட்டில் பாலிமர்கள்

குழாய் ஒழுகினால் பிளம்பர் மரையில் சுற்றுவாரே ஒரு வெள்ளை டேப், அதை உங்கள் பல் டாக்டரின் டிராயரில் பார்த்தால் பதறிவிடாதீர்கள். இம்பிளான்ட் பல்லை மாட்டி ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு, அந்த டேப்பில் ஒரு துண்டைக் கிழித்துச் சுருட்டி ஸ்க்ரூவின் தலைமேல் வைத்து அமுக்குவார்கள். அதற்கு மேல் பல் நிறத்தில் அடைத்து ஓட்டையை மூடிவிடுவார்கள். முன்பெல்லாம் பஞ்சு வைத்தார்கள். பஞ்சு எச்சிலை உறிஞ்சிக்கொள்ளும். என்றாவது ஸ்க்ரூவைத் திறக்க வேண்டி வந்தால் அறை முழுக்க ஒரு நாற்றம் பரவும். இந்த டேப் டெஃப்லான் என்ற பிளாஸ்டிக். அதில் ஈரம் ஏறாது, ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கிருமிநீக்கியில் வைத்து எடுத்தாலும் ஒன்றும் ஆகாது, இடுக்கியால் ஒரு இழுப்பு இழுத்தால் முழுசாக வெளியே வந்துவிடும்.

நான் பல் லேபில் வேலை செய்கிறவன். டாக்டர் எடுத்து அனுப்பும் அளவை வைத்துப் பல் செய்து கொடுப்பது என் பிழைப்பு. பெரியப்பாவுக்கு இம்பிளான்ட் வைக்கச் சொல்லியிருந்தார்கள். செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்: "ஏம்ப்பா, எல்லா சாமானும் பிளாஸ்டிக்ல வருது. அந்த டைட்டானியம் திருகையும் பிளாஸ்டிக்ல செஞ்சா விலை குறையாதா?"

விலை குறையாது என்பது சுலபமான பதில். ஒரு இம்பிளான்ட் திருகில் இருக்கும் டைட்டானியம் ஒரு கிராம்கூடத் தேறாது. நாம் கொடுக்கும் காசு உலோகத்துக்கு இல்லை. அதைக் கடைந்த துல்லியத்துக்கும், மேற்பரப்பைப் பக்குவப்படுத்தியதற்கும், கிருமி நீக்கிப் பொட்டலம் கட்டியதற்கும், டாக்டரின் கைக்கும்தான். ஆனால் கேள்வியின் இன்னொரு பாதி அத்தனை சுலபமில்லை. பல் இம்பிளான்ட் வேலையில் திரும்பிய பக்கமெல்லாம் பிளாஸ்டிக் இனம்தான், எங்கள் பாஷையில் பாலிமர்தான் இருக்கிறது. எலும்புக்குள் இறங்கும் அந்தத் திருகின் இடம் மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேலாக முயன்றும் அதற்குக் கிடைக்கவில்லை. ஏன்?

முதலில் இம்பிளான்ட் என்றால் எது என்று பார்த்துவிடுவோம். ஏனென்றால் ஆளுக்கொரு பொருளில் இந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். சிரிக்கும்போது தெரிகிற பல் இம்பிளான்ட் இல்லை. தாடை எலும்பில் துளை போட்டு முடுக்குகிற திருகுதான் இம்பிளான்ட். சுமார் 4 மி.மீ. குறுக்களவு, 10 மி.மீ. நீளம். அதன் தலையில் ஈறைத் தாண்டி நிற்கும்படி ஒரு சின்னக் கட்டை பொருத்துவார்கள், அதற்கு அபட்மென்ட் என்று பெயர். அந்தக் கட்டையின் மேல் உட்காருவது கேப். எலும்புக்குள் திருகு, ஈறுக்குள் கட்டை, வாய்க்குள் பல். மூன்றுக்கும் அமைந்த அக்கம்பக்கம் வேறு வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இனி பாலிமர். பாடப்புத்தகத்தில் இதற்குப் பலபடி, பல்லுறுப்பி என்றெல்லாம் பெயர் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் பல்பகுதியம். பல்லுறுப்பி என்பது பல்லில் இருக்கும் ஏதோ ஒரு உறுப்பு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்த நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. எங்கள் தொழிலில் அப்படி நினைப்பது நியாயமும்கூட. ஆனால் இங்கே 'பல்' என்பது 'பல'. பல உறுப்புகள் சேர்ந்தது.

ஒரு சின்ன மூலக்கூறு. அதோடு அதே மாதிரி இன்னொன்று, அதோடு மற்றொன்று என்று ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டே போனால் கிடைக்கும் நீளச் சங்கிலிதான் பாலிமர். உதிரிப் பூ மோனோமர், தொடுத்த சரம் பாலிமர். 1920இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இப்படிச் சொன்னபோது சக அறிஞர்களில் பலர் ஏற்கவில்லை. அவ்வளவு நீளமான மூலக்கூறு இருக்கவே முடியாது என்றார்கள். 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரம் என்றதும் நேராக நீட்டிக் கிடப்பதாக நினைக்க வேண்டாம். இடியாப்பத் தட்டைப் பாருங்கள், அதுதான் சரியான படம். இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சிக்கிக் கிடக்கின்றன. ஒன்றை இழுத்தால் நாலு கூட வருகிறது. சூடாக்கினால் இழைகள் வழுக்கி நகரும், பொருள் இளகும், ஆறினால் இறுகும். நைலானும், பின்னால் வரப்போகும் பீக் என்ற பிளாஸ்டிக்கும் இந்த ரகம். இழைக்கும் இழைக்கும் நடுவே ஆங்காங்கே முடிச்சுப் போட்டுவிட்டால் மீன் வலை மாதிரி ஆகிவிடும், பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் உருகி ஓடாது. பல் ஓட்டை அடைக்க நீல விளக்குக் காட்டி இறுக வைக்கிறார்களே, அந்தப் பொருள் இந்த ரகம்.

கோப்பது எப்படி என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் பல் லேபுக்கு வர வேண்டும். பல் செட் செய்யும் அக்ரிலிக் எங்களுக்கு இரண்டு பாகமாக வருகிறது. டப்பாவில் ஈறு நிறத்தில் பொடி, பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் ஒரு திரவம். பொடி என்பது ஏற்கெனவே கோத்து முடித்த மணிகள். திரவம் இன்னும் கோக்காத மோனோமர், மீத்தைல் மெத்தாக்ரிலேட். மூக்கைத் துளைக்கும் வாடை அதற்கு. நெயில் பாலிஷ் கடைக்குள் நுழைந்தது போல இருக்கும். இரண்டையும் கலந்ததும் முதலில் ஈர மணல் போல் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துக் குச்சியால் தொட்டால் நூல் நூலாக இழுக்கும். அப்புறம் சப்பாத்தி மாவு போல் பாத்திரத்தில் ஒட்டாமல் திரளும். அதையும் விட்டுவிட்டால் ரப்பராகிக் கைக்கு அடங்காது. அதிரசத்துக்குப் பாகு வைக்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், எல்லாம் பதம்தான். மாவுப் பதத்தில் எடுத்து அச்சில் அமுக்கி, வெந்நீரில் மணிக்கணக்கில் வைப்போம். 74 டிகிரி செல்சியஸில் நிதானமாக வேக வேண்டும்.

அந்த நிதானம் ஏன் என்று நான் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாலைக்குள் பல் செட் போக வேண்டும் என்ற அவசரத்தில், அச்சைக் கொதிக்கிற தண்ணீரில் நேராக இறக்கிவிட்டேன். மோனோமர் ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கும். போதாக்குறைக்கு, சங்கிலி கோக்கும்போது அதுவே உள்ளே சூட்டைக் கிளப்பும். உடைத்துப் பார்த்தால் தடிப்பான பகுதி முழுக்கக் குமிழி, ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி. மோனோமர் கோர்ப்பதற்கு முன்பே ஆவியாகி, உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்து மறுபடி செய்தேன்.

இந்த அக்ரிலிக் பல் வைத்தியத்துக்குள் வந்தது 1930களின் பிற்பாதியில். அதற்கு முன் பல் செட்டுகள் வல்கனைட் என்ற கெட்டியாக்கிய ரப்பரில் செய்யப்பட்டன, நிறமும் அழகில்லை. கண்ணாடி போன்ற இதே அக்ரிலிக்கில்தான் போர் விமானங்களின் மூடிகளும் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகளின் கண்ணில் அதன் சில்லுகள் பாய்ந்தபோது, கண் அவற்றைப் பெரிதாக எதிர்க்காமல் விட்டுவைத்ததைக் கண் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி கவனித்தார். 1949இல் புரை நீக்கிய கண்ணுக்குள் அக்ரிலிக் லென்ஸ் வைத்தார். இன்று கோடிக்கணக்கானோர் கண்ணில் இருக்கும் லென்ஸின் தொடக்கம் அது.

கண்ணே ஏற்றுக்கொண்டால் தாடை ஏற்காதா? 1960களில் அமெரிக்காவில் மில்டன் ஹோடோஷும் அவருடைய கூட்டாளிகளும் இதைச் செய்து பார்த்தார்கள். பிடுங்கிய பல்லின் அச்சு எடுத்து, அதே வடிவத்தில் அக்ரிலிக் வகைப் பாலிமரில் ஒரு பல்லை வேரோடு வார்த்து, அதே குழிக்குள் வைத்தார்கள். யோசனை எனக்கு இன்றும் பிடித்திருக்கிறது. துளை போட வேண்டாம், குழி ஏற்கெனவே தயார், வேரின் வடிவமும் அவரவருக்கே உரியது. ஆனால் எலும்பு அந்த வேரோடு ஒட்டவில்லை. இடையில் நார்த் திசு ஒரு சவ்வாகக் கட்டிக்கொண்டது.

காலில் குத்திய முள் எடுக்கப்படாமல் உள்ளேயே தங்கிவிட்டால் உடம்பு என்ன செய்யும்? சுற்றிச் சவ்வு கட்டி, நீ தனி நான் தனி என்று ஒதுக்கி வைக்கும். அதேதான் இங்கேயும் நடந்தது. விஷம் என்று எதிர்க்கவில்லை. சொந்தம் என்று ஏற்கவும் இல்லை. கண்ணுக்குள் சுமை இல்லாமல் சும்மா இருக்கும் லென்ஸுக்கு அந்த மரியாதை போதும். கடைவாயில் ஐம்பது கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் தாங்க வேண்டிய வேருக்குப் போதாது. ஒட்டாத வேர் ஆடும், ஆட ஆடச் சவ்வு தடிக்கும், தடித்தால் இன்னும் ஆடும்.

இதற்கு நேர்மாறான சம்பவம் ஸ்வீடனில் முன்பே நடந்திருந்தது. 1952இல் பெர் இங்வார் பிரேனமார்க், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக முயல்களின் கால் எலும்பில் டைட்டானியத்தால் செய்த சிறு கருவிகளைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்ததும் கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தை இடைச் சவ்வே இல்லாமல் பற்றிக்கொண்டிருந்தது. 1965இல் முதல் மனிதருக்கு டைட்டானியத் திருகுகள் வைத்தார். உலகம் இதைக் கவனித்து ஒப்புக்கொள்ள 1982இல் டொரன்டோவில் நடந்த மாநாடு வரை ஆனது.

டைட்டானியத்தில் அப்படி என்ன இருக்கிறது? காற்றுப் பட்ட உடனேயே அதன் மேல் ஆக்சைடு படலம் ஒன்று படர்ந்துவிடுகிறது, சில நானோமீட்டர் தடிமன்தான். எலும்பு தொடுவது உலோகத்தை இல்லை, இந்தப் படலத்தைத்தான். அதில் ரத்தம் நன்றாகப் பரவி நனைக்கும், ரத்தப் புரதங்கள் வந்து படியும், அவற்றைப் பிடித்துக்கொண்டு எலும்பு கட்டும் செல்கள் ஏறி உட்காரும். மூன்று நான்கு மாதத்தில் திருகின் மரைக்குள் எலும்பு வளர்ந்து நிரம்பிவிடும். இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது, "அப்ப வேலை செய்யறது தோல்தான், உள்ள இருக்கிறது இல்ல" என்றார். கிட்டத்தட்ட அதேதான். கதை மறுபடி இங்கேயே வந்து நிற்கும்.

டைட்டானியத்திலும் ஒரு குறை உண்டு. எலும்போடு ஒப்பிட்டால் அது அநியாயத்துக்கு விறைப்பு. விறைப்பை கிகாபாஸ்கல் என்ற அளவில் சொல்வார்கள். தாடையின் கெட்டியான வெளிப்புற எலும்பு ஏறக்குறைய 15. டைட்டானியம் 105 முதல் 110. வெள்ளை நிறத்துக்காக விரும்பப்படும் சிர்கோனியா என்ற பீங்கான் 200ஐத் தாண்டும். எலும்பு தனக்குக் கிடைக்கும் சுமைக்கு ஏற்ப வளர்கிற பொருள். மாவுக்கட்டுப் போட்ட கை சில வாரத்தில் மெலிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள், எலும்பும் அப்படித்தான், வேலை இல்லை என்றால் கரையும். பக்கத்தில் ஒரு பலசாலி உலோகம் சுமை முழுவதையும் வாங்கிக்கொண்டால் எலும்பு சோம்பிவிடும் என்பது பயம். இடுப்பு மூட்டு மாற்றியவர்களிடம் இது உண்மையிலேயே பார்க்கப்பட்ட பிரச்சினை.

எலும்பளவு விறைப்பில் ஒரு பொருள் கிடைத்தால்? இங்கேதான் பீக் வருகிறது.

பாலி ஈதர் ஈதர் கீட்டோன் என்ற முழுப்பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துவிடலாம். பீக் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். 1978இல் இங்கிலாந்தில் ஐசிஐ நிறுவனத்தில் உருவானது. விமானத்துக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் எந்திரங்களுக்கும் என்று வந்த சரக்கு. இதன் சரத்தில் ஒவ்வொரு பூவும் பென்சீன் வளையங்களால் ஆனது. வளையம் மடங்காது, எளிதில் உடையாது. அதனால் 343 டிகிரி வரை உருகாது, ஆட்டோகிளேவில் எத்தனை முறை போட்டாலும் சளைக்காது, அமிலமும் காரமும் தொட்டால் சட்டை செய்யாது. அடர்ந்த கந்தக அமிலம்தான் விதிவிலக்கு, அதை மட்டும் நினைவில் வையுங்கள். நிறம் சந்தனத்துக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒன்று. கையில் எடுத்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும், ஏதோ சுவிட்ச் பெட்டியிலிருந்து கழன்ற துண்டு மாதிரி. விலை கேட்டால்தான் மரியாதை வரும்.

1990களிலிருந்து முதுகெலும்பு அறுவையில் பீக் நன்றாக நிலைத்துவிட்டது. இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே வைக்கும் கூண்டு போன்ற பாகம் பலருக்கும் பீக்கில்தான் வைக்கப்பட்டது. எக்ஸ்ரேயில் பீக் மறைக்காது என்பதால் எலும்பு வளர்கிறதா என்று நேராகப் பார்க்கலாம். உலோகம் என்றால் வெள்ளைத் திட்டு மறைத்துவிடும்.

வெறும் பீக்கின் விறைப்பு 3 முதல் 4 கிகாபாஸ்கல். எலும்பைவிட இளக்கம். கார்பன் இழைகளை வெட்டிக் கலந்தால் 18 வரை ஏறுகிறது, கிட்டத்தட்ட எலும்பேதான். காகிதத்தில் பார்த்தால் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. எனக்கும் முதலில் படித்தபோது, ஆஹா டைட்டானியத்தின் கதை முடிந்தது என்றுதான் தோன்றியது.

முடியவில்லை. இரண்டு காரணம். முதல் காரணம் எதிர்பாராதது. தோட்டத்து ஈர மண்ணில் இரண்டு குச்சி நடுங்கள், ஒன்று இரும்புக் கம்பி, இன்னொன்று தடித்த ரப்பர்க் குழாய். இரண்டையும் மேலே பிடித்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். கம்பி வளையாததால் தள்ளும் விசை கம்பி நெடுக ஆழம் வரை பரவுகிறது. ரப்பரோ மண்ணின் வாய்க்குப் பக்கத்திலேயே வளைந்துவிடுகிறது, அங்கேதான் மண் பிளக்கிறது. இளக்கமான இம்பிளான்ட்டிலும் இதே கூத்து. கணினியில் மாதிரி செய்து விசை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், பீக் திருகின் கழுத்தைச் சுற்றியுள்ள எலும்பில் அழுத்தம் குவிவது தெரிந்தது. அந்தக் கழுத்துப் பகுதி எலும்புதான் இம்பிளான்ட்டில் முதலில் கரையும் இடம். சுமையைச் சமமாகப் பகிரும் என்று கொண்டுவந்த பொருள், பலவீனமான இடத்திலேயே சுமையை இறக்கியது. எலும்பைப் போலவே இருந்தால் எலும்புக்கு நல்லது என்ற நினைப்பு எவ்வளவு இயல்பாகத் தோன்றுகிறதோ அவ்வளவு வழுக்கலானது.

இரண்டாவது காரணம் பெரியப்பா சொன்ன தோல். பீக்கின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பரவி நனைக்காமல் குவிந்தே நிற்கும். தாமரை இலை அளவுக்கு உருண்டு ஓடாது, ஆனாலும் ஒட்டாத ரகம்தான். ரத்தமே நனைக்காத இடத்தில் செல்கள் எப்படிக் குடியேறும்? எதற்கும் அசையாத அந்த வேதிக் குணம், எண்ணெய்க் கிணற்றில் வரமாக இருந்தது, எலும்புக்குள் சாபமாகிவிட்டது. அக்ரிலிக் வேருக்கு நடந்த அதே கதை.

அதனால் கடந்த இருபது ஆண்டு ஆராய்ச்சியில் பெரும்பகுதி பீக்கின் தோலை மாற்றுவதில்தான் போயிருக்கிறது. பிளாஸ்மா (ரத்தத்தில் இருப்பது இல்லை, மின்னூட்டம் ஏறிய வாயு) காட்டி மேற்பரப்பைத் தண்ணீர் பிடிக்கும்படி ஆக்குகிறார்கள். எலும்பின் தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட்டைத் தூளாக உள்ளே கலக்கிறார்கள், அல்லது மேலே பூசுகிறார்கள். நினைவில் வைக்கச் சொன்ன கந்தக அமிலம் இங்கே வருகிறது. அதில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தால் பீக்கின் மேற்பரப்பு மட்டும் அரிக்கப்பட்டு ஸ்பாஞ்ச் போல நுண்துளைகள் விழும், அதற்குள் எலும்பு நுழைய வாய்ப்புக் கிடைக்கும். அமிலத்தின் மிச்சம் உள்ளே தங்காமல் கழுவுவது தனிப் பாடு. இன்னும் சிலர் பீக்கின் மேல் டைட்டானியத்தையே மெல்லப் பூசிவிடுகிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மாப்பிள்ளையை மாற்றிவிட்டுச் சட்டையை மட்டும் பழைய மாப்பிள்ளையிடமே வாங்கிப் போட்டது போல. பூச்சு என்றால் இன்னொரு கவலையும் சேர்ந்து வரும். எலும்பில் மரை ஏற முடுக்கும்போது உராய்ந்து உரிந்துவிடக் கூடாது.

பீக்கில் செய்த பல் இம்பிளான்ட்டுகள் சந்தைக்கு வராமல் இல்லை. ஆனால் அன்றாடப் புழக்கமாகவில்லை. டைட்டானியத்துக்கு நாற்பது, ஐம்பது ஆண்டு வாயில் இருந்த அனுபவம் சாட்சியாக நிற்கிறது. அந்தச் சாட்சிக்கு முன்னால் புதுப் பொருள் நின்று பேசுவது கஷ்டம். உலோகமே வேண்டாம் என்கிறவர்களுக்கு இன்றைக்குக் கிடைக்கும் மாற்று சிர்கோனியா, அது பீங்கான் இனம், பாலிமர் இல்லை.

எலும்பில் இடம் கிடைக்காவிட்டால் என்ன, ஈறில் பீக் சௌக்கியமாக இருக்கிறது. திருகு வைத்த பிறகு ஈறு அழகாக ஆற வேண்டும் என்பதற்காக மேலே ஒரு மூடி போடுவார்கள். அந்த மூடி, தற்காலிகப் பல் தாங்கும் கட்டை, கம்ப்யூட்டர் ஸ்கேன் எடுக்கும்போது திருகின் திசையைக் காட்ட மாட்டும் சிறு முளை, இவை பலவும் பீக்கில் வருகின்றன. எங்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. டைட்டானியக் கட்டையைத் தேய்த்து வடிவம் மாற்ற வேண்டுமென்றால் பொறி பறக்கும், தேய்க்கிற பர் முனையும் தேயும். பீக்கை டாக்டர் நாற்காலிப் பக்கத்திலேயே சீவிவிடலாம். உலோகத்தின் சாம்பல் நிறம் மெல்லிய ஈறு வழியாகத் தெரிகிற தொல்லையும் இல்லை.

அதன் மேல் தற்காலிகமாக உட்காரும் பல் பெரும்பாலும் நம் அக்ரிலிக்தான். இப்போது குழம்பு போல் கலக்காமல், தொழிற்சாலையில் அழுத்தத்தில் கோத்து முடித்த வட்டுகளை வாங்கிக் கம்ப்யூட்டர் எந்திரத்தில் செதுக்குகிறோம். குமிழி இல்லை, வாடையும் குறைவு. எலும்பு பற்றும் வரை அதிகச் சுமை கொடுக்கக் கூடாது என்பதால் இந்தப் பல் கொஞ்சம் இளக்கமாக இருப்பது நல்லதே. தற்காலிகப் பல்லில் சீடை கடித்து உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. உடைந்தது பல்தானே, திருகு பிழைத்ததே என்று டாக்டர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இளக்கம் என்றதும் இன்னொரு பழைய முயற்சி ஞாபகம் வருகிறது. இயற்கைப் பல் எலும்பில் நேராக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவில் சுமார் 0.2 மி.மீ. தடிமனில் ஒரு நார் மெத்தை இருக்கிறது. கல்லைக் கடித்தால் சட்டென்று உணர்ந்து வாயைத் திறக்க வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. இம்பிளான்ட்டுக்கு அந்த மெத்தை இல்லை. ஐஎம்ஸெட் என்ற ஜெர்மன் இம்பிளான்ட்டில் இதை ஈடுகட்டப் பார்த்தார்கள். டைட்டானியத்துக்கும் பல்லுக்கும் நடுவே பாலிஆக்ஸிமீத்திலீன் என்ற பாலிமரில் ஒரு சிறு பாகத்தை வைத்தார்கள், அது மெத்தை வேலை செய்யும் என்று. பாகம் தேய்ந்தது, ஆண்டுக்கு ஒருமுறை போல மாற்ற வேண்டி வந்தது, கடைசியில் உலோகமே அந்த இடத்துக்கு வந்தது. மெத்தை இல்லாவிட்டாலும் இம்பிளான்ட்டுகள் நன்றாகவே தாங்கின என்பது இன்னொரு பக்கம்.

டெஃப்லானுக்கு வருவோம், அதைத் தொட்டுவிட்டு நடுவில் விட்டுவிட்டேன். 1938இல் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டெடுத்த பொருள். பல் வைத்தியத்தில் இதற்கு டேப்பைத் தவிர இன்னொரு கௌரவமான வேலை உண்டு. எலும்பு தேய்ந்துபோன இடத்தில் எலும்புத் தூள் போட்டு வளர்க்கும்போது ஒரு சிக்கல் வரும். ஈறுச் செல்கள் வேகமாக வளர்பவை, எலும்புச் செல்கள் நிதானம். விட்டால் ஈறு முந்திக்கொண்டு அந்தக் காலி இடத்தை நிரப்பிவிடும். அதனால் நடுவில் டெஃப்லான் சவ்வு ஒன்றை வேலி போல விரித்து வைப்பார்கள். எலும்பு வளர்ந்ததும் வேலியை எடுத்துவிடுவார்கள். எடுக்க இன்னொரு தடவை கத்தி வேண்டாமே என்பவர்களுக்குத் தானாகக் கரையும் பாலிமர் சவ்வு இருக்கிறது. லாக்டிக் அமிலத்தையும் கிளைகோலிக் அமிலத்தையும் உறுப்பாகக் கொண்ட சரம் அது. உடம்பின் ஈரமே முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, கடைசியில் கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் ஆக்கிவிடும். பிரிக்க வேண்டாத தையல் நூல் என்கிறார்களே, பெரும்பாலும் இதே குடும்பம்தான். லாக்டிக் அமிலம் வேறு யாருமில்லை, தயிரைப் புளிக்க வைப்பது.

ஒட்டாமல் ஒதுங்கி நிற்பதுதான் டெஃப்லானின் பலம், அதனால் அசையாத வேலிக்கு அது பொருத்தம். அசையும் இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. பிரிட்டனில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு அறுவை நிபுணர் 1950களின் இறுதியில் இடுப்பு மூட்டின் கிண்ணத்தை டெஃப்லானில் செய்து நோயாளிகளுக்குப் பொருத்தினார். சில ஆண்டுகளில் அது தேய்ந்து தூளாக உதிர்ந்தது, தூளைச் சுற்றி உடம்பு கொந்தளித்தது. அவர் அந்தத் துகள்களைத் தம் தொடையிலேயே செலுத்திப் பார்த்து எதிர்வினையை உறுதி செய்துகொண்டார். 1962இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். அத்தோடு பாடம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1980களில் அமெரிக்காவில், டெஃப்லான் கலந்த ஒரு பொருளைத் தாடை மூட்டின் தட்டுக்குப் பதிலாக வைத்தார்கள். நாள் முழுக்க மெல்லுகிற, பேசுகிற, கொட்டாவி விடுகிற மூட்டு அது. தட்டு நைந்து துகளானது. துகள்களை விழுங்க வந்த செல்கள் பக்கத்து எலும்பையும் சேர்த்து அரித்தன. 1990களின் தொடக்கத்தில் அவை திரும்பப் பெறப்பட்டன. வைத்துக்கொண்டவர்களில் பலருக்கு வலி மட்டும் திரும்பிப் போகவில்லை.

இதனால்தான் "உடம்புக்கு ஒத்துப்போகும் பொருள்" என்று யாராவது ஒரே வார்த்தையில் சொன்னால் எனக்குத் திருப்தி வருவதில்லை. உடம்பில் எங்கே, என்ன வேலைக்கு, ஆடுகிற இடமா ஆடாத இடமா என்று கேட்கத் தோன்றும். பெரியப்பா கேட்டதற்கும் இதைத்தான் பதிலாகச் சொன்னேன். அவர், "சரி, அப்ப எனக்கு எதுல வைக்கப் போறாங்க?" என்றார். அவருக்குக் கீழ்த்தாடையில் பல்லே கிடையாது. இரண்டு டைட்டானியத் திருகு, அதன் மேல் கழற்றி மாட்டும் பல் செட்.

இந்த வகையில் திருகின் தலையில் ஒரு குமிழ் இருக்கும். பல் செட்டின் அடியில் சின்ன உலோகக் கிண்ணம், கிண்ணத்துக்குள் சட்டைப் பட்டன் அளவுகூட இல்லாத நைலான் வளையம். சட்டையின் பிரஸ் பட்டன் போலக் குமிழில் போய் மாட்டிக்கொள்ளும். பரவலாகப் புழங்கும் ஒரு ரகத்தில் பிடிப்புக்கு ஏற்ப நிறம் வைத்திருக்கிறார்கள். நிறமில்லாதது சுமார் 2.3 கிலோ இழுத்தால்தான் கழலும், இளஞ்சிவப்பு 1.4, நீலம் 0.7. கைநடுக்கம் உள்ளவர்களுக்கு நீலம் போதும், இல்லாவிட்டால் ராத்திரி கழற்ற முடியாமல் தவிப்பார்கள். மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றி இந்த நைலான் தேயும். தேயட்டும் என்றுதான் வைத்திருக்கிறது. நைலான் தேயாவிட்டால் டைட்டானியக் குமிழ் தேய்ந்துவிடும், அதை மாற்றுவது பெரிய வேலை.

ஒன்றரை வருடம் கழித்துப் பெரியப்பா போன் செய்தார். பல் செட் பேசும்போது எழும்புகிறது, இம்பிளான்ட் ஆடிப்போச்சு என்று பயந்திருந்தார். கிளினிக்கில் நானும் கூடப் போய் நின்றேன். டாக்டர் ஒரு கொக்கிக் கருவியால் பழைய இளஞ்சிவப்பு வளையம் இரண்டையும் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் போட்டார். நகத்தால் தடவினால் உள்விளிம்பு ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருந்தது, அவர் எப்போதும் இடது பக்கமாகவே கழற்றுகிறவர். புது வளையங்களை அமுக்கிப் பல் செட்டை நீட்டினார்கள். பெரியப்பா மாட்டிக் கடித்தார். டக் என்று சத்தம் கேட்டது. "அவ்ளோதானா?" என்றார்.